பாதி வண்டியும் முழுக் கணக்கும்

(சார்ஜாவில் தமிழர் கூடுகை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பாதிப் பேர் ஊரில் புல்லட் ஓட்டியிருப்பீர்கள். மீதிப் பேர் புல்லட் வாங்க ஆசைப்பட்டு வீட்டில் திட்டு வாங்கியிருப்பீர்கள். அந்தப் புல்லட்டுக்குச் சொந்தக்காரர்களான ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார், தாங்கள் செய்த முதல் மோட்டார் சைக்கிளைக் காட்டுங்கள் என்று கேட்டால், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கையை விரிக்கத்தான் வேண்டியிருந்தது. 1901 நவம்பரில், லண்டனில் நடந்த ஸ்டான்லி சைக்கிள் கண்காட்சியில் அதை முதன்முதலாகப் பார்வைக்கு வைத்தார்கள். அந்த வண்டி இன்று இல்லை. அதன் பட்டறை வரைபடங்களும் இல்லை. மிஞ்சியவை சில புகைப்படங்கள், சில விளம்பரங்கள், அந்த ஆண்டுப் பத்திரிகைகளில் படத்தோடு வந்த ஒருசில குறிப்புகள். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வண்டியை மறுபடியும் ஓடுகிற வண்டியாகச் செய்தார்கள். நிறுவனத்தின் வரலாற்றாளர் கார்டன் மே விடுத்த சவால் அது. இங்கிலாந்திலும் சென்னையிலும் இருந்த பொறியாளர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து முடித்தார்கள். ‘புராஜெக்ட் ஆரிஜின்’ என்று அதற்குப் பெயர்.

இன்றைய பேச்சு இந்த மாதிரி வேலையைப் பற்றியது. நூற்றிருபது வயதான மோட்டார் சைக்கிள் ஒன்று அரையும் குறையுமாகத்தான் கிடைக்கும். மீதியை எப்படி நிரப்புவது? பணமும் லேத்தும் இருந்தால் எதையும் நிரப்பிவிடலாம். அது பெரிய காரியமில்லை. நிரப்பிய பிறகு, இதில் எது அந்தக் காலத்தது, எது நம் கைவேலை என்று கேட்பவருக்கு விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத வண்டி எவ்வளவு பளபளத்தாலும் முடிக்கப்படாத வண்டிதான். இதுதான் என் கட்சி.

இதைச் சார்ஜாவில் வந்து பேசுவானேன் என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். பழைய வண்டி சேர்க்கும் ஆர்வம் வளைகுடாவில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். தைத் போகும் சாலையில் சார்ஜாவின் கிளாசிக் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அபுதாபிக்குத் தெற்கே ஷேக் ஹமத் பின் ஹம்தான் அல் நஹ்யான் சேர்த்த வண்டிகளைப் பார்க்க உலகமெங்கும் இருந்து வருகிறார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதே ஊரின் இண்டஸ்ட்ரியல் ஏரியா. பழைய ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து கூட ஆள் வருகிற சந்தை அது. பிரித்துப் போட்ட வண்டிகள், லேத்துக் கடைகள், வெல்டிங் கடைகள். அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள். மலையாளிகளும் பாகிஸ்தானிகளும் பக்கத்துக் கடையில் இருக்கிறார்கள். நானும் அந்தத் தெருக்களில் இரும்புத்தூள் தட்டிக்கொண்டு வளர்ந்தவன். சேர்ப்பவர்களும் செய்பவர்களும் ஒரே ஊரில் இருக்கும்போது, இந்த வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்ற பேச்சு இங்கே நடக்காமல் வேறெங்கே நடப்பது?

முதலில் வயதைப் பற்றி ஒரு சொல். பழசு என்றாலே எல்லாம் ஒன்றில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று 1966-இலிருந்து இயங்குகிறது. ஃபிவா என்பார்கள். அவர்கள் கணக்கில் 1904 முடிய உள்ளவை மூதாதை வண்டிகள், 1905 முதல் 1918 வரை ஒரு வகுப்பு, 1919 முதல் 1930 வரை ‘விண்டேஜ்’. இங்கிலாந்தில் 1930-இலிருந்து சன்பீம் மோட்டார் சைக்கிள் கிளப் நடத்தும் ‘பயனியர்’ ஓட்டத்துக்கு 1915-க்கு முந்திய மோட்டார் சைக்கிள்கள் மட்டும்தான் வரலாம். நான் பேசப்போவது ஃபிவாவின் அந்த முதல் வகுப்பைப் பற்றி. மோட்டார் சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குமே இன்னும் தீர்மானமாகாத காலம் அது.

எஞ்சினை எங்கே வைப்பது என்பதே அன்று பெரிய கேள்வி. பாரிஸில் வெர்னர் சகோதரர்கள் 1897-இல் முன்சக்கரத்துக்கு மேலே வைத்து, முன்சக்கரத்தையே ஓட்ட வைத்தார்கள். பாரம் முழுக்க மேலே, இழுவையும் முன்னால். ஈரச் சாலையில் வண்டி பக்கவாட்டில் சறுக்கி ஆளைக் கீழே தள்ளியது. ராயல் என்ஃபீல்டுக்காக ஜூல்ஸ் கோபியே என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த 1901 வண்டியில் எஞ்சின் அதே இடத்தில்தான், ஹேண்டில்பார் கழுத்தோடு சேர்த்து முன்சக்கரத்துக்கு மேலே இருந்தது. ஆனால் ஓட்டியது பின்சக்கரத்தை. முன்னாலிருந்து பின்னால் வரை நீண்ட தோல் பெல்ட், அதுவும் குறுக்கே மாட்டியது. எஞ்சின் திறன் ஒன்றே முக்கால் குதிரைத்திறன். முன்சக்கரத்தில் எண்ணெய் ஒழுகிவிடக்கூடாது என்று, கிராங்க் கேஸைச் செங்குத்தாகப் பிளக்காமல் கிடைமட்டமாகப் பிளந்து செய்திருந்தார்கள்.

அந்தக் குறுக்குப் பெல்ட்டைச் சற்றுப் பாருங்கள். பெல்ட்டைக் குறுக்கே போட்டால் இரண்டு காரியம் நடக்கும். சின்னப் புல்லியை அது அதிகச் சுற்றளவுக்குக் கட்டிப் பிடிக்கும், வழுக்காது. இன்னொன்று, சுழலும் திசை மாறும். ஆக, நூற்றிருபது வருடத்துப் படத்தில் பெல்ட் குறுக்கே போவது தெரிந்தால் போதும், அந்த எஞ்சின் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் சுழன்றது என்பது தெரிந்துவிடும். திசை தெரிந்தால், எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கும் கேம் எந்தப் பக்கம் எழ வேண்டும் என்பது தெரியும். சுழலும்போது கழன்றுவிடாமல் இருக்க ஒரு நட்டுக்கு வலது மரையா, இடது மரையா என்பதுகூடப் பிடிபடும். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாத நான்கை எட்டுவது இப்படித்தான். இந்தத் தொழிலில் பாதி வேலை இது.

சரி, படத்துக்குப் பதில் கையில் ஒரு குவியல் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைந்த ஃபிரேம், இறுகிப்போன எஞ்சின், ஒரே ஒரு சக்கரம். முதல் விதி, எதையும் துலக்காதீர்கள். நம் ஆட்களுக்கு இது கஷ்டம். துருவைப் பார்த்ததும் கை சாண்ட் பிளாஸ்டிங்கைத் தேடும். துருவோடு சாட்சியும் போய்விடும். பெயிண்ட் அடுக்குகளில் ஆக அடியில் இருப்பதுதான் கம்பெனி பூசியது. ஃபிரேம் குழாயில் ஓரிடத்தில் வளையமாகத் தேய்ந்திருந்தால், அங்கே ஒரு கிளிப் இறுகியிருந்தது. அந்தக் கிளிப் எதையோ தாங்கியிருந்தது. காரணமில்லாமல் ஒரு துளை இருந்தால், அங்கே ஏதோ காணாமல் போயிருக்கிறது. படமெடுத்து, அட்டை கட்டி, அளவெடுத்து, எழுதி முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அடுத்த சாட்சி மரைகள். விட்வொர்த் மரை 1841-இலேயே வந்துவிட்டது. சைக்கிள்காரர்களுக்கென்று, அங்குலத்துக்கு 26 சுற்று என்ற கணக்கில், சி.இ.ஐ. மரை 1902-இல் தரப்படுத்தப்பட்டது. பி.எஸ்.எஃப். என்ற நுண்மரை 1908-இல் வந்தது. பிரெஞ்சு, பெல்ஜிய எஞ்சின்களில் மெட்ரிக் மரை இருக்கும். இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்தவர் கையில் ஒரு பிட்ச் கேஜ் இருந்தால் போதும். 1901 என்று சொல்லி விற்கிற எஞ்சினில் பி.எஸ்.எஃப். நட்டு பொருந்தினால், அந்த நட்டும் அது ஏறிய போல்ட்டும் ஏழு வருடமாவது பிந்தியவை. பழுது பார்க்கும்போது யாரோ மாற்றியிருக்கலாம். இல்லை, முழுக்கதையே பொய்யாக இருக்கலாம். பூச்சும் அப்படித்தான். அந்தக் கால வண்டிக்குப் பூச்சு சூட்டில் சுட்ட கறுப்பு எனாமலும் நிக்கலும். குரோமியம் முலாம் வியாபாரத்துக்கு வந்ததே 1920-களில். கண்ணாடிபோல் குரோம் மின்னும் 1901 வண்டியைப் பார்த்தால், நம்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்.

இல்லாத பாகங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம். தேடினால் கிடைப்பவை, பார்த்துச் செய்யக்கூடியவை, யோசித்துச் செய்ய வேண்டியவை.

தேடினால் கிடைப்பவை நாம் நினைப்பதைவிட அதிகம். காரணம், அன்றைய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளில் பெரும்பாலானவை எல்லாவற்றையும் தாமே செய்ததில்லை. பெல்ஜியத்தின் மினர்வா எஞ்சினையும் பிரான்சின் டி டியான் எஞ்சினையும் எத்தனையோ கம்பெனிகள் வாங்கித் தங்கள் ஃபிரேமில் மாட்டின. சீட் ஒருவரிடம், விளக்கு ஒருவரிடம், செயின் ஒருவரிடம், டயர் இன்னொருவரிடம். அதனால் ஒரு கம்பெனியின் வண்டி ஒன்றுகூடப் பிழைக்காவிட்டாலும், அதன் சீட்டுக்கு உடன்பிறந்த சீட் எங்காவது ஒரு பரணில் இருக்கும். புராஜெக்ட் ஆரிஜினிலும் விளக்கு, ஹார்ன், சீட் போன்றவற்றுக்கு அக்காலத்துப் பொருள்களையே தேடிப்பிடித்துப் புதுப்பித்தார்கள்.

பார்த்துச் செய்யக்கூடியவை, அதே வகைப் பாகம் வேறொருவரிடம் முழுசாக இருக்கும்போது. அதைக் கடன் வாங்கி அளவெடுத்துச் செய்யலாம். ஆனால் வார்ப்பு வேலையில் ஒரு பொறி இருக்கிறது. மோல்டர்கள் யாராவது இங்கே இருந்தால் சிரிப்பீர்கள். பழைய பாகத்தையே பேட்டர்னாக மணலில் புதைத்து வார்த்தால், வருகிற பாகம் சின்னதாக வரும். வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்று அளவுக்குச் சுருங்கும். அலுமினியம் அதைவிடக் கூட. நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள மூலத்திலிருந்து தொண்ணூற்றொன்பது மில்லிமீட்டர்தான் கிடைக்கும். பியரிங் உட்காரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் அந்தப் பாகம் குப்பைக்குத்தான். எனவே சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்து மரத்தில் தனியாகப் பேட்டர்ன் செய்ய வேண்டும். கடைசல் எடுக்க வேண்டிய முகங்களில் கூடுதல் சதை விட வேண்டும். கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில் கற்கிற இந்தப் பாடம் சார்ஜாவிலும் அதேதான்.

குழாய்க்கும் இதே தொல்லை உண்டு. இங்கே கடையில் எளிதாகக் கிடைப்பது 25 மில்லிமீட்டர்க் குழாய். பழைய ஃபிரேமில் குழாய்களை இணைக்கும் லக் ஓர் அங்குலக் குழாய்க்குச் செய்தது, அதாவது 25.4. வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விழும். உருகிய பித்தளை தானாக உள்ளே ஏறிப் பிடிக்கிற இடைவெளி அதைவிடக் குறைவு. வெளியே பார்த்தால் இணைப்பு அழகாக இருக்கும். உள்ளே பாதி வெற்றிடம். இது ஆளைச் சுமக்கும் ஃபிரேம். அங்குலக் குழாயை வரவழைத்துத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது வகை, யோசித்துச் செய்ய வேண்டியவை. இங்கேதான் புராஜெக்ட் ஆரிஜின் எல்லோருக்கும் பாடம். அந்த எஞ்சினுக்கு மூலம் இல்லை, ஜோடி இல்லை. படத்தை வைத்து அளவு கண்டார்கள். அந்த முறை எளிதாகத்தான் தெரியும். வண்டியின் சக்கரம் 26 அங்குலம் என்று பழைய குறிப்பில் இருக்கிறது, மில்லிமீட்டரில் 660. படத்தில் அந்தச் சக்கரம் 66 மில்லிமீட்டர் இருந்தால், படத்தின் ஒரு மில்லிமீட்டர் அசலில் பத்து. இனி எதையும் அளந்துவிடலாம் போல் தோன்றும். ஆனால் படத்தில் ஒரு கோட்டின் தடிமன் அளவுக்கு நீங்கள் தவறினாலும் அசலில் அது பல மில்லிமீட்டர். கேமராவுக்கு நெருக்கமான பாகம் பெரிதாக விழும். எஞ்சினின் மறுபக்கம் படத்திலேயே இருக்காது. எனவே படம் எல்லையைத்தான் சொல்லும். அளவைச் சொல்வது இயந்திரத்தின் சொந்தத் தேவை. ஒன்றே முக்கால் குதிரைத்திறன் வர இத்தனை கொள்ளளவு வேண்டும், அந்தக் கொள்ளளவுக்கு இத்தனை எடையுள்ள ஃபிளைவீல் வேண்டும், அந்த ஃபிளைவீல் படத்தில் தெரியும் கேஸுக்குள் அடங்க வேண்டும். இப்படி நாலு பக்கமும் நெருக்கிக்கொண்டே வந்தால், சாத்தியமான அளவு கடைசியில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

அந்தக் குழு எஞ்சினை முழுக்கப் புதிதாகச் செய்தது. ஃபிரேமை ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் பட்டறையில் கையால் பிரேசிங் செய்தார்கள். டேங்க் தகட்டை மடித்துத் தட்டி ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். லீவர்களைப் பித்தளையில் கடைந்தார்கள். கணினியில் முப்பரிமாண வரைபடம் போட்டவர்களும் சுத்தியல் பிடித்தவர்களும் ஒரே மேஜையில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த செய்தி. சென்னையின் பங்கும் எனக்குப் பிடித்ததுதான். 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது புல்லட்டின் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, சென்னையில் கோத்தார்கள். 1967-இல் இங்கிலாந்தின் ரெடிட்சில் இருந்த என்ஃபீல்டு ஆலை மூடியது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. பெயரையும் வண்டியையும் காப்பாற்றியது மெட்ராஸ். அந்தச் சென்னை, பிறந்த வீட்டின் முதல் குழந்தையை மறுபடி உருவாக்கப் பங்கு தந்திருக்கிறது.

இப்போது வண்டியைக் கோத்தாகிவிட்டது, ஓட்ட வேண்டும். இன்றைய வண்டி ஓட்டியவருக்கு இதில் எதுவும் கைக்கு வராது. ஆக்சிலரேட்டர் முறுக்கிப் பழகிய கைக்கு அங்கே முறுக்க எதுவும் இல்லை. பெடலை மிதித்து உருட்டினால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். வேகத்தைக் குறைக்க, கைலீவரால் எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணெய் எஞ்சினுக்குள் சுற்றி வராது. சிலிண்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை ஓட்டுபவரே ஒரு முறை அழுத்தினால் ஒரு தவணை எண்ணெய் உள்ளே போகும். பத்துப் பதினைந்து மைலில் அது எரிந்து தீர்ந்துவிடும். மறுபடி அழுத்த வேண்டும். மறந்தால் பிஸ்டன் இறுகும்.

அந்தக் கால எஞ்சின்களில் பொதுவாக இன்லெட் வால்வுக்கு கேம் கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலிலேயே வால்வு திறக்கும். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று மூடும். அந்த ஸ்பிரிங் கொஞ்சம் பலமாக இருந்தால் வால்வு திறக்கத் தயங்கும். பலவீனமாக இருந்தால் மூடத் தயங்கும். மூலத்தின் ஸ்பிரிங் தொலைந்திருந்தால், கம்பியின் தடிமனை மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பெட்ரோலும் மாறிவிட்டது. 1901-இன் பெட்ரோல் இன்றையதைவிட இலேசானது, சட்டென்று ஆவியாகும். இன்றையது கனமானது, வெயில் அதிகம் காயாத ஊர்களில் பழைய கார்புரேட்டர்கள் இதனால் திணறும். நமக்கு அந்தக் கவலை குறைவு. ஆகஸ்டில் சார்ஜா வெயிலுக்கு எந்தப் பெட்ரோலும் ஆவியாகும். இங்கே பம்பில் 91, 95, 98 என்று மூன்று இருக்கிறதே, எது போடுவது என்று கேட்பார்கள். நான்குக்கு ஒன்று அளவில் அழுத்தம் உள்ள எஞ்சினுக்கு 98 வீண்செலவு, 91 தாராளம்.

வெயிலைப் பற்றிப் பேசிவிட்டதால் நம் ஊர்க் காற்றையும் சொல்லிவிடுகிறேன். வளைகுடாக் கரையில் பகலில் நெருப்பு, இரவில் ஈரம். கோடை இரவுகளில் காற்றின் ஈரப்பதம் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் தொடும். அதில் உப்பு. நிக்கல் முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்பீரம் அவற்றின் வழியே இரும்பைத் தொட்டு, முலாமுக்கு அடியிலேயே கொப்புளம் கட்டும். தோல் பெல்ட்டுக்கும் மரக் கைப்பிடிக்கும் வேறு பகை. ஏசி அறையில் உலர்ந்து, வெளியே வந்ததும் ஊறி, மறுபடி உலர்ந்து வெடிக்கும். அருங்காட்சியகங்கள் ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்தை ஒட்டி ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது இதனால்தான். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, குளிர வைக்காதீர்கள், ஒரே நிலையில் வையுங்கள். ஏசியைப் பகலில் போட்டு இரவில் அணைப்பதைவிட, ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை நாள் முழுக்க ஓடவிடுவது மேல்.

இனி, இந்த வேலையில் நேர்மை எங்கே வருகிறது என்று பார்ப்போம். 1905-க்கு முந்திய வண்டி என்ற முத்திரைக்கு மதிப்பு அதிகம். லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் புகழ்பெற்ற ஓட்டத்தில் 1905-க்கு முந்திய வாகனங்களுக்கே இடம். முத்திரைக்கு விலை வந்ததும் பொய்யும் வந்துவிடும். ஒரு பழைய எஞ்சின் கிடைத்தால், சுற்றிலும் புதிய ஃபிரேம், புதிய டேங்க், புதிய சக்கரம் செய்து, பழமை ஏற்ற அமிலம் தடவி, ‘1901’ என்று விற்றுவிடலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பழைய வண்டிகளுக்கான கிளப்களில் வயது தீர்மானிக்கத் தனிக்குழுக்கள் உட்கார்ந்து மரையும் எண்ணும் பார்க்கின்றன.

நேர்மையான நகல் என்பதும் உண்டு. காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1885-இல் செய்த மரச்சட்ட வண்டியை உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்பார்கள். அசல் வண்டி 1903-இல் கான்ஸ்டாட் ஆலைத் தீயில் எரிந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் நிற்பவை அத்தனையும் நகல்கள். அவற்றுக்குள்ளேயே சிறுசிறு வேறுபாடுகள். நகல் என்று எழுதி வைத்திருப்பதால் யாரும் ஏமாறவில்லை. ட்ரையம்ப் கதை இதற்கு மறுபக்கம். அந்தக் கம்பெனியின் முதல் மோட்டார் சைக்கிள் 1902-இல் வந்தது என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் மினர்வா எஞ்சின் பொருத்திய 1901 முன்மாதிரி ஒன்று 2023-இல் வெளிச்சத்துக்கு வந்தது. டிக் ஷெப்பர்டு என்ற ட்ரையம்ப் ஆர்வலர் அதைச் சீரமைத்தார். வண்டி கையில் இருந்தது. அது எது என்று நிரூபிக்க ஆவணம் தேட வேண்டியிருந்தது. என்ஃபீல்டில் ஆவணம் இருந்தது, வண்டி இல்லை. இரண்டு இடத்திலும் இரும்பும் காகிதமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லித்தான் காரியம் முடிந்தது.

பாதி கிடைத்ததை வைத்து முழுதைத் தேடுவது தமிழர்களுக்குப் புதிய வேலையில்லை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாட்டில் 267-உம் 268-உம் கிடைக்கவில்லை. பல பாட்டுகளில் இடையிடையே சிதைவு. தமிழ்ப் புலமையில் அவர் அளவுக்கு, அந்த இடங்களில் பொருத்தமான வரிகளை எழுதிச் சேர்ப்பது பெரிய வேலையாக இருந்திருக்காது. சேர்த்திருந்தால் இன்று நமக்குப் புறநானூறு எது, பதிப்பாசிரியர் எது என்றே தெரியாமல் போயிருக்கும். இல்லாத எண்கள் இல்லாதவையாகவே நிற்கின்றன. சிதைந்த இடத்தில் புள்ளிகள் நிற்கின்றன. அந்தப் புள்ளிகளால்தான் மற்ற வரிகளை நம்புகிறோம்.

மெக்கானிக்குக்கு அந்த வசதி இல்லை. பிஸ்டன் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தால் எஞ்சின் ஓடாது. நிரப்பித்தான் ஆக வேண்டும். அப்படியானால் நிரப்பியதன் மேல் அடையாளம் வைக்க வேண்டும். ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதைத்தான் சொல்கிறது. மாற்றிய பாகங்களை அழியாத குறியிட்டு, மூலப் பாகங்களிலிருந்து பிரித்துக் காட்டுங்கள். செய்த வேலையை ஆவணப்படுத்துங்கள். வண்டியின் அழகு கெடாதா என்பார்கள். கெடாது. பாகத்தின் அடிப்பக்கத்தில், கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், பஞ்சால் ஆண்டு எண்ணை அடிக்க எவ்வளவு நேரமாகும்? வெளியே பார்ப்பவருக்கு 1901. உள்ளே பிரிக்கப்போகிறவருக்கு உண்மை.

இன்னொரு வகைக் கணக்கும் எழுத வேண்டும். காரணக் கணக்கு. இந்த ஃபிளைவீலுக்கு ஏன் இந்த எடை? படத்திலிருந்து எடுத்தோமா, கணக்குப் போட்டோமா, வேறு எஞ்சினைப் பார்த்தோமா? நாளை வேறொரு படமோ பழைய கடிதமோ கிடைத்து, நம் யூகம் தவறு என்று தெரிந்தால், வருகிறவர் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எழுதி வைக்காவிட்டால் முழு வண்டியையும் சந்தேகிப்பார்.

கோயம்புத்தூர்க்காரர்கள் இருப்பதால் ஜி.டி.நாயுடுவைச் சொல்லாமல் இறங்க முடியாது. கலங்கல் கிராமத்துப் பையன் ஒருவன், வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினான். கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினான். வாங்கியதும் பிரித்துப்போட்டு, மறுபடி கோத்து, அதிலேயே இயந்திரவியல் கற்றுக்கொண்டான் என்பது கொங்கு நாட்டில் எல்லோரும் சொல்லும் வரலாறு. பின்னாளில் பேருந்து, மின்மோட்டார் என்று அந்த ஊரின் தொழிலுக்கே அவர் முகமானார். ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிக்கிறவர் அதைச் செய்தவரின் யோசனையைப் பிரித்துப் பார்க்கிறார். இங்கே வந்திருக்கும் ஐ.டி.ஐ. தம்பிகளுக்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை கிடைக்காது.

கடைசியாக ஒன்று. பழைய வண்டிகளின் பக்கத்தில் வைக்கும் அட்டையில் கம்பெனியின் பெயர், ஆண்டு, உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கும். வார்த்தவர், கடைந்தவர், பிரேசிங் வைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள். இந்த வேலைக்கு உங்களிடம் யாராவது வந்தால், கூலியோடு சேர்த்து ஒரு நிபந்தனை போடுங்கள்: செய்த பாகங்களின் பட்டியலில் உங்கள் பெயரும் தேதியும் ஏறி, அது வண்டியின் காகிதங்களோடு போக வேண்டும். இதில் விளம்பரம் இல்லை. இது பொறுப்பேற்பது. இந்தப் பாகம் நான் செய்தது, இன்ன காரணத்துக்காக இப்படிச் செய்தேன் என்று கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிற ஆள், பொய் வண்டி செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார். வண்டியும் தப்பும், தொழிலும் தப்பும்.